மணலைத் தேடிப் போனா பாறைதான் இருக்கு... பாண்டிச்சேரி பீச்சுக்கு என்ன ஆச்சு?

"ஆளுக்கு ரெண்டாயிரம் போதும் மச்சி. வெள்ளிக்கிழமை நைட் பஸ் ஏறுறோம். டார்ம்ல ஆளுக்கொரு பெட். ரெண்டு நாள் பீச்லயே கிடக்குறோம். ஞாயித்துக்கிழமை நைட் ரிட்டர்ன்!"

சென்னையின் கல்லூரி விடுதிகளிலும் ஐ.டி அலுவலக கேன்டீன்களிலும் வருடம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் திட்டம் இது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். அரசுப் பேருந்தில் ஏறினால் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் பாண்டிச்சேரி. முதுகில் ஒரு பை, கையில் ஒரு போன், இவ்வளவுதான் செலவு என்று தோன்றும்.

பையோடு பீச் ரோட்டில் போய் நிற்கும்போதுதான் முதல் ஏமாற்றம். கடல் இருக்கிறது. கரையைக் காணோம்! பெரும்பகுதி நீளத்துக்குக் கருங்கல் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அலை அதன் மேல் மோதித் தெறிக்கிறது. துண்டு விரித்துப் படுக்க இடமில்லை. குளிக்க இறங்கினால் விசில் சத்தம் கேட்கும், 'இங்கே குளிக்கக் கூடாது' என்று எச்சரிக்கைப் பலகையும் இருக்கும். வார இறுதி என்பதால் அறை வாடகை எகிறியிருக்கும். போட்ட பட்ஜெட் சனிக்கிழமை மதியமே கரைந்துவிட, "போட்டோவுல பார்த்தது வேற, இது வேற" என்ற புலம்பல் ஆரம்பமாகும்.

புலம்பலில் நியாயம் இருக்கிறது. இந்த ஊருக்கு நிஜமாகவே அகலமான மணல் கரை இருந்தது. ராக் பீச் என்று இன்று செல்லமாகச் சொல்கிறோமே, அந்தப் பாறைகள் இயற்கையாக அங்கே இருந்தவை அல்ல. மணல் போன பிறகு, ஊரும் போய்விடக் கூடாது என்று கொட்டப்பட்டவை.

மணல் எங்கே போனது?

நம் கிழக்குக் கடற்கரையில் மணல் ஓர் இடத்தில் நிற்பதே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் அதை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். வடக்கே போகும் காலம்தான் நீளம் என்பதால், வருடக் கணக்கு பார்த்தால் மணல் வடக்கு நோக்கியே பயணிக்கிறது. ஒரு கரையில் இருந்து போகும் மணலை, தெற்கிலிருந்து வரும் மணல் ஈடுகட்டிவிடும்.

1980-களின் பிற்பகுதியில் பாண்டிச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. வடக்கே வந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டி, தெற்குப் பக்கமே தேங்கிவிட்டது. வடக்குப் பக்கம் இருந்த ஊருக்கு மணல் வரத்து நின்றது. ஆனால், கடல் எடுத்துப் போவது மட்டும் நிற்கவில்லை. தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே விடும் ஏற்பாடும் திட்டத்தில் இருந்தது. அது திட்டமிட்டபடி தொடர்ந்து நடக்கவில்லை. சில வருடங்களிலேயே கரை காணாமல் போனது.

சென்னைக்காரர்களுக்கு இது புதுக்கதை அல்ல. 1870-களில் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானம் மணலைத் தடுத்ததால்தான் அதன் தெற்கே மெரினா இவ்வளவு அகலமானது. வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. மெரினாவில் சுண்டல் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் பாண்டிச்சேரியில் பார்ப்பது அதே கதையின் இன்னொரு பக்கத்தைத்தான்.

ஏமாந்தது யார்?

சுற்றுலா வந்தவருக்குப் போனது ஒரு வார இறுதி. கரையோரக் குப்பங்களுக்குப் போனது பிழைப்பு. கட்டுமரத்தை இழுத்துப் போட, வலையைக் காயவைக்க, கருவாடு உலர்த்த, எல்லாவற்றுக்கும் மணல் வேண்டும். கரையில் நின்று பத்து, இருபது பேர் சேர்ந்து இழுக்கும் கரைவலைக்கு மணல்தான் தொழிற்கூடம். பாறை மேல் நின்று எந்த வலையை இழுப்பது?

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓரிடத்தில் கல்லைக் கொட்டினால் அரிப்பு நிற்பதில்லை, அடுத்த ஊருக்கு நகர்கிறது. பாண்டிச்சேரி நகரைக் காப்பாற்றக் கல் கொட்டியபோது, வடக்கே தமிழகப் பகுதியில் இருக்கும் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று கடல் ஒவ்வொரு ஊராக உள்ளே வந்தது. வீடுகளும் தென்னைகளும் கடலோடு போயின. அங்கெல்லாம் 'தூண்டில் வளைவு' கேட்டு மீனவர்கள் போராடினார்கள். அதைப் போட்டால், அதற்கும் வடக்கே இருப்பவர்களுக்குப் பயம்.

கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது!

நல்ல செய்தியும் உண்டு. தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் முயற்சியில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய இரும்புக் கட்டமைப்பை 2018-ல் மூழ்கவைத்தார்கள். அது அலையின் வேகத்தைக் குறைக்க, பின்னால் மணல் படியத் தொடங்கியது. காந்தி சிலைப் பக்கம் இன்று குழந்தைகள் மணலில் கால் பதித்து விளையாடுகிறார்கள் என்றால், காரணம் இதுதான். பருவத்துக்குப் பருவம் அந்த மணல் கூடும், குறையும். பல வருடங்களாகப் பாறையை மட்டுமே பார்த்த ஊருக்கு அதுவே பெரிய விஷயம்.

கம்மி பட்ஜெட்டில் போகிறவர்களுக்கு...

* வெள்ளி, சனியைத் தவிர்த்து வார நாள்களில் போனால் அறை வாடகையில் நன்றாக மிச்சமாகும்.

* பீச் ரோட்டைக் குளிக்கும் இடமாக நினைக்காமல், நடக்கும் இடமாக நினையுங்கள். மாலையில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பாலத்தின் மிச்சக் கம்பங்கள், பழைய கலங்கரை விளக்கம் எல்லாம் காசில்லாமல் பார்க்கலாம்.

* மணல்தான் வேண்டும் என்றால் தெற்கே போங்கள். கடலூர் சாலையில் சுண்ணாம்பாறு படகுக் குழாமிலிருந்து படகில் போனால் பாரடைஸ் பீச். விடுமுறை நாளில் வரிசை நீளும், காலையிலேயே போய்விடுவது நல்லது. 2021-ல் 'நீலக்கொடி' சான்று பெற்ற ஈடன் பீச் சின்ன வீராம்பட்டினத்தில் இருக்கிறது.

* ஆடி மாதம் என்றால் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரைத் தவறவிடாதீர்கள். ரோமாபுரியோடு வணிகம் நடந்த அரிக்கமேடும் அதே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது.

* எந்தக் கரையானாலும், ஊர்க்காரர்கள் இறங்க வேண்டாம் என்று சொன்னால் இறங்காதீர்கள். இந்தக் கடலில் ஆழமும் இழுப்பும் திடீரென்று மாறும். உயிர்பலிகள் அடிக்கடி நடக்கின்றன.

நேரம் இருந்தால் ஒரே நாளில் துறைமுகத்தின் இரண்டு பக்கமும் போய்ப் பாருங்கள். தெற்கே வீராம்பட்டினத்தில் கரை இருக்கிறது, படகுகள் மணலில் இளைப்பாறுகின்றன. வடக்கே வைத்திக்குப்பத்தில் கல்லுக்கும் வீட்டுக்கும் நடுவே கிடைத்த இடத்தில் வலையைக் காயப்போட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில கிலோமீட்டரும் இரண்டு சுவர்களும்தான்.