பீடிக்கார பெரியவர்

பெட்ரோல் வாசனை எனக்குப் பிடிக்கும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அந்த ஆசை போன மாதத்தோடு போயிற்று!

என்னிடம் இருப்பது 1988 மாடல் பிரீமியர் பத்மினி. மாமனார் கைமாற்றிவிட்டது. ('அவர் பெண்ணைவிட அதைத்தான் பத்திரமா பார்த்துக்கறீங்க' - இது என் மனைவி.) ஒரு ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குக் கிளம்பினோம். கச்சிராயபாளையம், கோமுகி அணையெல்லாம் தாண்டி கல்வராயன் மலை ஏற ஆரம்பித்ததும் பின் சீட்டிலிருந்து குரல்: "என்னங்க, பெட்ரோல் நாறுது!"

"பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்."

இரண்டு வளைவு தாண்டியதும் என் மூக்குக்கே பொறுக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டே பானெட்டைத் திறந்தேன் (முதல் முட்டாள்தனம்). பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற ரப்பர் ஹோஸின் நுனியில் வெடிப்பு. சொட்டு... சொட்டு... கொதிக்கிற எஞ்சின் மேலேயே! பின் சீட்டில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். வயிற்றைக் கலக்கிவிட்டது. ஓடிப்போய் சாவியைத் திருகினேன். பையனைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் தள்ளிப் போய் நின்றோம்.

அந்த நேரம் பார்த்து மொபெட்டில் ஒரு பெரியவர். "என்ன தம்பி, மக்கர் பண்ணுதா?" என்று பானெட்டுக்குள் குனியப் போனார். வாயில் பீடி!

என் மனைவி போட்ட கூச்சல் வெள்ளிமலைக்கே கேட்டிருக்கும். பெரியவர் பீடியைத் தரையில் போட்டு மிதித்தார். கோபித்துக்கொள்ளவில்லை. கீழே போய் ஒரு மெக்கானிக் பையனை அனுப்பிவைத்தார்.

"ஆறிடுச்சா சார்?" என்பதுதான் அவன் முதல் கேள்வி. பேட்டரி ஒயரைக் கழற்றினான். வெடித்த நுனியை அரை அங்குலம் வெட்டித் தள்ளினான். மிச்ச ஹோஸைச் செருகி, கிளிப்பை முறுக்கினான். "வீட்டுக்குப் போறவரைக்கும்தான் இது. எல்லா ஹோஸையும் மாத்திடுங்க. இப்ப பெட்ரோல்ல ஸ்பிரிட்டு கலக்குறாங்க, பழைய ரப்பர் தாங்காது."

ஸ்பிரிட்டு என்று அவன் சொன்னது எத்தனாலை. 2025-ல் அது பெட்ரோலில் 20 சதவிகிதத்தை எட்டிவிட்டது. கரும்பிலிருந்தும் அதை எடுக்கிறார்கள். நம்ம ஊர் வயலெல்லாம் கரும்புதானே! ஆனாலும் முழுப் பழியையும் கரும்பின் மேல் போட மனசு வரவில்லை. அந்த ஹோஸை நான் ஒருநாள்கூட தொட்டுப் பார்த்ததில்லை.

வெள்ளிமலை போகாமலே திரும்பினோம். எத்தனால் தாங்கும் ஹோஸாகப் பார்த்து எல்லாவற்றையும் மாற்றியாயிற்று.

அடுத்த வாரம் ஒரு கட்டு பீடி வாங்கிக்கொண்டு பெரியவரைத் தேடிப் போனேன். சிரித்தபடி வாங்கிக்கொண்டவர், என் வண்டியை விட்டு இருபதடி தள்ளிப் போய் நின்றுதான் பற்றவைத்தார்.