அம்மாவும் சுடுநீரும்

நுவரெலியாவிலே தை மாதத்து விடியற்காலையிற் குளிப்பதென்பது துணிவுள்ளோர் செய்யும் காரியம். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே அமைந்த ஊர் இது. சில காலைகளிற் புல்வெளியிலே உறைபனி வெள்ளைத் துகிலாய்ப் படிந்து கிடக்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் வாளி வாளியாய் அள்ளி வார்த்து வளர்ந்த எம் அன்னையார், 81ஆம் வயதில் எம்முடன் வந்து தங்கியபோது, இவ்வூரின் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தண்ணீர் அல்ல, தேள்" என்றார். அவருக்காகவே நாம் குளியலறையிற் சுடுநீர்ப் பெட்டியொன்றைப் பொருத்தினோம்.

நீரைத் தேக்கிவைத்துக் காய்ச்சும் பெரிய கலம் இதில் இல்லை. புத்தகமொன்றின் அளவினதான பெட்டிக்குள்ளே நீர் ஒரு பக்கத்தாற் புகுந்து, மின்சாரத்தாற் காய்ந்த கம்பிச் சுருளைத் தழுவி, மறுபக்கத்தால் வெளியேறும். குழாயைத் திறந்தாற் சூடு பிறக்கும்; மூடினால் அணையும். இத்தகைய யோசனை புதியதன்று. இலண்டனில் வண்ணம் தீட்டும் தொழில் செய்த பெஞ்சமின் மோகன் என்பவர் 1868ஆம் ஆண்டிலேயே வாயுச் சுவாலையால் ஓடும் நீரைச் சுடவைக்கும் கருவியொன்றை அமைத்து, ஐஸ்லாந்து நாட்டு வெந்நீர் ஊற்றின் பெயரை அதற்கு இட்டார். நாம் இன்று கீசர் என்று சொல்லும் சொல் அங்கிருந்து வந்ததே. அவருடைய கருவியில் நச்சுப் புகை வெளியேற வழியே இருக்கவில்லை என்பர். அதிலே குளித்தவர்களின் துணிவை எண்ணி வியக்கிறோம்.

எமது பெட்டி மூன்று ஆண்டுகள் குறையின்றி உழைத்தது. பின்னர் ஒரு தை மாதக் காலையிலே குளியலறையிலிருந்து அம்மாவின் அலறல் கேட்டது. ஓடிச்சென்று பார்த்தபோது அவர் சுவரோடு ஒட்டி நின்றார். இடது தோளிலே உள்ளங்கையளவு தோல் சிவந்து போயிருந்தது. அடுத்த வீட்டு அம்மையார் பற்பசை பூசச் சொன்னார். வேறொருவர் தேங்காயெண்ணெய் என்றார். எம் மனைவி இரண்டையும் மறுத்து, இளங்குளிர்ந்த குழாய் நீரை இருபது நிமிடம் தோளிலே வார்த்து, பின்பு வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். கொப்புளம் எழுந்தது, ஆயினும் ஆழமான காயமன்று. அந்த மட்டில் நிம்மதி அடைந்தோம்.

நிம்மதி அடைந்தவுடன் குற்றவாளியைத் தேடத் தொடங்கினோம். மனித இயல்பு அது. நாம் முதலிற் குற்றஞ்சாட்டியது, சொல்லவே வெட்கமாயிருக்கிறது, அம்மாவைத்தான். "ஏதோ பிழையாகத் திருகியிருப்பீர்கள், அம்மா" என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை. அன்று முதல் அடுப்பிலே பானையில் நீர் காய்ச்சி, தாமே ஒரு வாளியில் விளாவிக் குளிக்கலானார். அந்த வயதிற் சுடுநீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு ஈரத்தரையில் நடப்பது எத்துணை ஆபத்தென்று சொல்லியும் கேட்கவில்லை. அவர் கோபம் கொண்டிருந்தார் என்பதை நாம் அறிவோம்.

அதன்பின் நாமே சோதித்துப் பார்த்தோம். நீர் கைபொறுக்க முடியாத சூட்டில் வரும். உடனே பெட்டிக்குள் 'டக்' என்று ஓர் ஓசை. பின் பச்சைத் தண்ணீர். சற்று நேரத்தில் மறுபடியும் கொதிநீர். யாழ்ப்பாணத்திலிருந்து தமக்கையார் தொலைபேசியிலே வழி சொன்னார்: "உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கும், வினாகிரி ஊற்றி ஊறவை." அவர் ஊருக்கு அது சரியான வைத்தியம். சுண்ணக்கற் பாறையில் ஊறிவரும் அவ்வூர் நீர், கேத்திலின் அடியிலே ஓடு பிடிக்கச் செய்வது. இங்கு மலையருவியின் மென்னீர். எமது கேத்தில் பத்து ஆண்டுகளாகப் பளபளவென்றிருக்கிறது. ஓரூர் வைத்தியம் மற்றோரூர் நோய்க்குப் பொருந்துவதில்லை.

தொழில் தெரிந்த ஒருவரை அழைத்தோம். பெட்டியைத் திறந்து பார்த்த அவர், "சேர், இந்த ஆளிதான் அடிக்கடி விழுகிறது. இதைக் கழற்றி நேரே இணைத்துவிடுகிறேன். பிறகு நிற்காமல் வேலை செய்யும்" என்றார். கூலியும் குறைவு. நாம் ஏறக்குறையத் தலையசைத்துவிட்டோம். அப்போது, உயர்தர வகுப்பிலே பௌதிகவியல் பயிலும் எம் மகள் கதவருகே நின்று, "அப்பா, வேண்டாம்" என்றாள்.

அந்த ஆளி எதற்காக உள்ளதென்பதை அவளே விளக்கினாள். சூடு மிஞ்சும்போது, இரு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கிறது. அந்த 'டக்' ஓசை கோளாறு அன்று. கோளாற்றைக் கண்டு கூவும் காவற்காரனின் குரல். கூவுகிறான் என்பதற்காகக் காவற்காரனைக் கொன்றுவிட்டால், பெட்டிக்குள் நீர் கொதித்து ஆவியாகும்வரை தடுப்பார் எவருமில்லை. வந்தவர் தீயவரல்லர்; எமக்கு உதவ எண்ணினார். அவருக்கு வந்த கூலியைக் கொடுத்தனுப்பினோம்.

பின்னர் மகள் ஒரு லீற்றர்ப் போத்தலையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குட் புகுந்தாள். ஷவரின் கீழே போத்தல் நிரம்ப முழுதாக ஒரு நிமிடம் சென்றது. அவள் கொப்பியிலே கணக்கிட்டுக் காட்டியதை இங்கே தருகிறோம், மாணவர்கள் சரிபார்க்கலாம். பெட்டியின் வலு 3.5 கிலோவாற்று. ஒரு நிமிடத்தில் அது கொடுக்கும் வெப்பம் 2,10,000 யூல். ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த ஏறக்குறைய 4,200 யூல் வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் ஓடினால் நீர் 25 பாகை உயரும். எமது தொட்டி நீர் 16 பாகை. ஆகவே ஷவரில் 41 பாகை. குளிக்க இதமான சூடு. நிமிடத்துக்கு ஒரு லீற்றர்தான் ஓடினாலோ 50 பாகை உயரும். 16 உடன் கூட்டினால் 66!

"பெட்டிக்கு நீரின் அளவு தெரியாது, அப்பா. அது எப்போதும் ஒரே அளவு நெருப்பைத்தான் கொடுக்கிறது. நெருப்பு கூடவில்லை, நீர்தான் குறைந்துவிட்டது."

மோரிட்ஸ், ஹென்றிக்கீஸ் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, 49 பாகை நீர் தோலை ஆழமாகச் சுடப் பல நிமிடங்கள் வேண்டும். 60 பாகை நீருக்கு ஐந்து விநாடி போதும். முதியோரின் மெல்லிய தோலுக்கு அதுவும் வேண்டுவதில்லை. அதைப் படித்தபின் அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

நீர் எங்கே குறைந்தது? பிரதான ஆளியை நிறுத்திவிட்டு, பெட்டிக்குள் நீர் புகும் இடத்திலுள்ள சிறு சல்லடையைக் கழற்றினோம். சிறிது மணல் இருந்தது. கழுவிப் பொருத்தியும் சூடு குறையவில்லை. அடுத்து ஷவரின் தலையைக் கழற்றிவிட்டு வெறும் குழாயைத் திறந்தோம். போத்தல் 24 விநாடியில் நிரம்பிற்று! தலையைத் திருப்பிப் பார்த்தால், மயிரிழை போன்ற துளைகளிற் பாதிக்குமேல் அடைபட்டிருந்தன. பழைய இரும்புக் குழாயின் துருச் செதில்கள் அவை.

இங்கே இன்னுமொரு நுட்பமுண்டு. நீரோட்டம் மிகக் குறைந்தால் மின்சாரம் தானே நின்றுவிட வேண்டும். அதற்கென்று வேறோர் ஆளி பெட்டிக்குள் இருக்கிறது. ஆனால் எமது பெட்டியில் உள்ளது, நீரின் அமுக்கத்தை உணர்ந்து இயங்கும் வகையினது. வெளிவழி அடைபட்டதும் உள்ளே அமுக்கம் குறையாமல் நின்றது. நிறைய நீர் ஓடுகிறதென்று ஆளி ஏமாந்துபோயிற்று. உள்வழி அடைபட்டிருந்தால் பெட்டி தானே அணைந்திருக்கும்.

அந்த ஷவர்த் தலை எங்கிருந்து வந்ததென்பதையும் வாசகருக்குச் சொல்லியே ஆகவேண்டும். முந்திய தீபாவளிக்கு அம்மாவுக்குப் பரிசாக நாமே வாங்கிப் பொருத்தியது அது. முன்னிருந்தது அகன்ற துளைகளையுடைய சாதாரணத் தகரத்தலை. புதியதோ மழைத்தூறல் போல மென்மையாகப் பொழியும் என்று கடைக்காரர் புகழ்ந்தார். நாமும் மயங்கினோம்.

அன்றைய தினம் நடந்தது என்ன என்று அம்மாவிடம் இப்போது பணிவாகக் கேட்டோம். "நீர் கொஞ்சம் சுட்டது, தம்பி. அதனாற் குழாயை மெல்ல மூடிக் குறைத்தேன். குறைக்கக் குறைக்கக் கூடச் சுட்டது" என்றார். அடுப்பைக் குறைத்தாற் சூடு தணியும் என்பது அவருடைய அறுபதாண்டு அடுப்படி அனுபவம். இந்தப் பெட்டியில் முறை தலைகீழ்: சுட்டால் குழாயைக் கூடத் திறக்க வேண்டும். பழைய தலை இருந்தபோது குழாயைக் குறைத்தால் அமுக்கம் விழுந்து பெட்டி அணைந்துவிடும். அதனால் அவர் பழக்கம் அவருக்குத் தீங்கு செய்யவில்லை. நாம் பரிசளித்த தலைதான் அதைத் தீங்காக்கிற்று. பிழையாகத் திருகியவர் யாரென்று அதற்குமேல் ஆராய எமக்கு மனம் வரவில்லை. மன்னிக்குமாறு கேட்டோம். "போ, போய்ப் பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடு, கணக்குப் போட்டுக் களைத்திருப்பாள்" என்றார்.

பழைய தகரத்தலையை மீண்டும் பொருத்தினோம். தகுதிபெற்ற மின்தொழிலாளர் ஒருவரை வரவழைத்து, உள்ளேயிருக்கும் ஆளிகளையும் நிலத்தொடுப்பையும், மின்கசிவு ஏற்பட்டால் விழும் பாதுகாப்பு ஆளியையும் சோதிப்பித்தோம். மகளின் ஆய்கூட வெப்பமானி 41 காட்டியது. கணக்கு தப்பவில்லையென்று அவளுக்குப் பெருமை. இப்போது மாதத்துக்கொருமுறை ஷவரின் தலையைக் கழற்றித் தட்டுவது எமது கடமை. போத்தலும் கடிகாரமும் குளியலறை அலமாரியிலேயே இருக்கின்றன.

அம்மா பானையைக் கைவிட மேலும் இரண்டு வாரம் சென்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிற் குளியலறையில் நீரோசை கேட்டு எட்டிப் பார்த்தோம். கதவு சற்றே திறந்திருந்தது. குழாயை முழுதும் திறந்துவிட்டு, குழந்தையைக் குளிப்பாட்டுமுன் பார்ப்பதுபோல முழங்கையை நீரிலே நீட்டி, மனத்துக்குள் ஏதோ எண்ணிக்கொண்டு நின்றார். பின்பு எம்மைப் பாராமலே கதவைச் சாத்திக்கொண்டார்.