கடலுக்கு முதுகு காட்டும் கூடம்

ஜூன் 3

சென்னைக் கடலோரத்து அடுக்குமாடியொன்றின் 22-ஆம் மாடியில், "வேறெந்த வீட்டிலும் இல்லாத மாதிரி" அலங்கரித்துத் தரவேண்டும் என்று கேட்கும் கனவான், கூடத்தின் நடுவே செட்டிநாட்டு முற்றம் ஒன்றைத் தோண்டி நீர் நிறுத்தும் உத்தேசத்தோடு இருந்தார். குடியிருப்புத் தளத்துக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரவிதி வகுத்திருக்கும் பாரம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ. மனிதர்களும் மேஜை நாற்காலிகளும் அதற்குள்ளேயே அடக்கம். 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஜலம் நின்றாலே அவ்வளவும் தீர்ந்துவிடும், தொட்டியின் கனம் புறம்பு என்று இஞ்சினியர் கணக்கிட்டுக் காட்டியதும் அந்தப் பேச்சு நின்றது.

ஜூன் 9

கிழக்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. கடல் தெரிகிறதென்பதற்காகவே சதுர அடிக்கு அதிகம் கொடுத்து வாங்கியவர்கள், காலை வெயில் கண்ணைக் கூசவைத்ததும் திரையை இழுத்துவிட்டுப் பிறகு நாளெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு வாழ்வதை இந்தக் கட்டடத்திலேயே மாடிக்கு மாடி பார்க்கிறேன்.

1930-ஐ ஒட்டிய வருஷங்களில், பாரிஸ் நகரத்து ஷான்ஸ் எலிஸே வீதியில், ஷார்ல் த பைஸ்தேகி என்ற செல்வந்தருக்காக லெ கொர்புசியே அமைத்த உச்சிமாடி வீடு இத்தகைய விஷயங்களில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருகிறது. மொட்டைமாடியில் தரைவிரிப்புக்குப் பதில் புல்லும், கூரைக்குப் பதில் ஆகாசமும், நடுவில் ஒரு போலிக் கணப்பும் வைத்து, சுற்றிலும் சுவரெழுப்பி, வெற்றி வளைவின் சிரசு மட்டும் அதற்குமேல் தெரியும்படி விட்டார். செடிவேலிகளை நகர்த்துவதற்கு மின்சாரம், அறைக்கு வெளிச்சம் தருவதற்கோ மெழுகுவர்த்தி! விசித்திரப் பிரியர்களின் வேடிக்கை என்று இதை ஒதுக்குவோர் உண்டு. காட்சியை மறைத்துக் கொடுத்தால்தான் அதற்கு மதிப்பு என்ற சூட்சுமம் அதில் இருப்பதாகவே என் அபிப்பிராயம்.

ஜூன் 16

கண்ணாடிக்கு உட்புறம் தேக்குமரத் தட்டி. அதையொட்டி, பாரம் கருதி, மரச்சட்டத்தில் திண்ணை. அதில் அமர்ந்து திரும்பினால் கண்ணுக்கு நேராக ஒரு நீண்ட இடைவெளி. அந்த உயரத்தை நிச்சயிக்க, வீட்டுக்காரரின் தாயாரை ஒரு முக்காலியில் உட்காரவைத்துக் கண்ணாடியில் சுண்ணக்கட்டியால் கோடிழுத்தேன்.

"நின்னா தெரியாதா, தம்பி?"

"தெரியாதும்மா."

"அப்ப வர்றவங்க செருப்பைக் கழட்டினதும் உட்காருவாங்க. நல்லதுதான்."

மகனுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. கொடுத்த பணத்துக்குக் கடல் முழுசாக வேண்டும் என்றார். தட்டி தள்ளக்கூடியதாக இருக்கும் என்று சொன்னபிறகு சம்மதித்து, உடனே மோட்டார் வைக்கலாமா என்றும் கேட்டார். வேண்டாம், கையாலேயே தள்ளட்டும் என்றேன்.

மேல்தளத்துக்குள் இழுகம்பிகள் ஓடுவதால் அங்கே துளையிட அனுமதி இல்லை. தட்டி ஓடும் தண்டவாளத்தைத் தரையில்தான் பதிக்கவேண்டும். சூளை காணாமல், கண்ணாடிப் பலகைமேல் வர்ணக்குழம்பு வார்த்து, சிமெண்டும் மணலும் இட்டு, நீரில் ஊறவைத்தே இறுகச் செய்யும் ஆத்தங்குடித் தரைக் கற்களைப் பதித்தபின் வெட்டினால் விளிம்பு உதிரும் என்பதால், கல் வேலைக்கு முன்பே தச்சர் வந்தாக வேண்டும்.