அக்காவுக்கு ஒரு மலை!

எஞ்சினியரிங் டிராயிங் கிளாஸ்ல கோடு தப்பினா ரப்பர் இருக்கு. பேனாவில்? போட்டது போட்டதுதான்! அக்காவுக்குன்னு நான் வரைஞ்ச படம் முழுக்க கறுப்பு ஜெல் பேனா. பேப்பர் ஏ0 சைஸ்: 1,189 மி.மீ. நீளம், 841 மி.மீ. அகலம். விரிச்சா எங்க ஹாலில் ஆள் நடக்க வழியில்லை.

எங்க வீடு ரமணாசிரமம் பக்கத்துத் தெரு. கதவைத் திறந்தா அண்ணாமலை. பி.எஸ்சி. முடிச்ச அக்கா, மேலே படிக்காம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஃபேக்டரிக்கு வேலைக்குப் போயிட்டா. அவ சம்பளம்தான் என் காலேஜ் ஃபீஸ். ஹாஸ்டல் ரூமில் ஆறு பேருக்கு ஒரு ஜன்னல். திறந்தா எதிர்க் கட்டடத்துச் சுவர். 'மலையைப் பார்க்காம பொழுது விடிஞ்ச மாதிரியே இல்லடா'ன்னு போனில் சொன்னா. சரி, மலையையே அனுப்பிடலாம்!

கிரிவலம் போனவங்களுக்குத் தெரியும், இடத்துக்கு இடம் மலை வேற வேற உருவம் காட்டும். நான் வரைஞ்சது எங்க வாசலில் தெரியற மலை. கோபுரம் கிடையாது. காலண்டர் மலை வேற, வீட்டு மலை வேற.

மலை உடம்பு முழுக்க சாய்கோடுகள். மொத்தம் 612. அக்கா இதுவரை பார்த்த ஷிப்ட் கணக்கு அது. ஒரு ஷிப்டுக்கு ஒரு கோடு. மலை கறுக்கக் கறுக்க, 'இவ்வளவா?'ன்னு கை நின்னுடுச்சு.

அடிவாரத்தில் 14 கி.மீ. கிரிவலப் பாதையைச் சிக்குக் கோலமா சுத்திவிட்டேன். மார்கழியில் எங்க வாசலை அடைச்சுக் கோலம் போடுறவ அக்காதான். சிக்குக் கோலத்தில் கோடு கிளம்பின இடத்துக்கே வந்து சேரணும். கிரிவலமும் அப்படித்தான். புரியுதா அக்கா, கிளம்பினா திரும்பி வரணும்!

உச்சியில் மட்டும் ஒரு பொட்டு இடம் வெள்ளை. அது தீபம். போன கார்த்திகைக்கு அக்காவுக்கு லீவு கிடைக்கலை. 11 நாள் எரியற தீபத்தை ஒருநாள்கூடப் பார்க்கலை. கறுப்புப் பேனாவால் வெளிச்சத்தை வரைய முடியாது. சுத்தி இருட்டைப் போட்டு, அந்த இடத்தை விட்டுவைக்கத்தான் முடியும். அவளோட 612 கோடு இல்லைன்னா அந்த வெள்ளை தெரியவே தெரியாது.

கீழ் மூலையில் என் பேருக்குப் பதிலா ஒரு சின்னக் கோடு. இது ரமணர்கிட்ட கடன் வாங்கினது. 1896 ஆகஸ்ட் 29-ல் மதுரையில் வீட்டை விட்டு இங்கே கிளம்பினப்போ அவர் 16 வயசு வெங்கடராமன். அண்ணன் நாகசாமியோட காலேஜ் ஃபீஸ் கட்டக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கிட்டு, மீதி 2 ரூபாயோட ஒரு கடிதம் வெச்சுட்டுப் போனார். ஃபீஸ் இன்னும் கட்டலைன்னு மறக்காம எழுதியிருந்தார். 'நான்'னு தொடங்கற அந்தக் கடிதம் போகப் போக 'இது'ன்னு மாறிடும். கையெழுத்து இடத்தில் வெறும் கோடு. அங்கே அண்ணன் ஃபீஸ் பணத்தில் தம்பி ரயில் ஏறினார். இங்கே தம்பி ஃபீஸுக்காக அக்கா பஸ் ஏறினா. இதில் 'நான்'னு கையெழுத்துப் போட எனக்கு என்ன இருக்கு?

படம் இப்போ ஹாஸ்டல் சுவரில். அக்கா ரூம்மேட் ஒருத்தி திண்டுக்கல் பொண்ணு. 'இது எங்க ஊர் மலை'ன்னு தினமும் காலையில் கும்பிட்டுட்டுத்தான் ஷிப்டுக்குப் போறாளாம். 'நானும் சரின்னு விட்டுட்டேன்டா'ன்னு சிரிக்கிறா அக்கா.

இருக்கட்டுமே. கீழேதான் யார் பேரும் போடலையே!