காரங்காட்டுக் கரையில் ஓர் இரவு

1801-இல் மருது சகோதரர்களைப் பிடிக்க ஆங்கிலப் படை வெட்டி வழியமைத்த காளையார்கோவில் காட்டின் அடர்த்தி இன்று எங்களூரில் இல்லை. காடு காணத் தொண்டிச் சாலையில் வேனேறி, கடலோரக் காரங்காட்டு அலையாத்தி வனத்திற்கே செல்கிறோம்.

பாக் நீரிணை அலையடங்கிய கடல்தானே என்று முதன்முறை நீரோரமாகவே வேனை நிறுத்தி உறங்கினோம். நள்ளிரவில் ஏறிய நீரில் மண் குழைந்து சக்கரங்கள் புதைந்தன. முதிய தாயாரை இருளில் தூக்கி இறக்கியதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

தங்க விரும்புவோர் நிழலைவிட மேட்டு நிலத்தையே முதலில் தேடுக. காய்ந்த கடற்பாசி ஒதுங்கிய கோடு வரை நீர் வரும். ஊராரிடம் கேட்டபின் நிறுத்துவதே நலம், குடிநீரும் கையோடிருக்கட்டும். வனத்தினுள் அடுப்பு மூட்டலாகாது.

காலையில் வனத்துறைப் படகில், சேற்றினின்று பென்சில் முனைகளாய் நிமிர்ந்த மூச்சுவேர்களைக் கண்டோம். இரவெல்லாம் எங்களைக் கடிந்த தாயார், இன்னொரு சுற்றுப் போகலாமா என்றார்.