சாரை வரச் சொல்லுங்க

பாபநாசத்தில் நான் குடியிருந்த வீட்டுக்கு வாடகை 5,000, அட்வான்ஸ் 30,000. இரண்டும் என் சம்பளத்தில் போனவை. ஒப்பந்தத்தில் மட்டும் கணவர் பெயர். அவர் பிரிந்துபோய் இரண்டு வருடமாகியும் அதை மாற்றத் தோன்றவில்லை, என் மடத்தனம்.

சாவியைக் கொடுத்த அன்று வீட்டுக்காரர் சொன்னார்: "வெள்ளையடிக்கவே 20,000 ஆகும் டீச்சர். மிச்சத்துக்கு சாரை வரச் சொல்லுங்க, கணக்குப் பாத்துக் குடுத்துருதேன்." அந்த இரண்டு வருடமும் வாடகையை என் கையில் வாங்கியவர், ஒருநாளும் சார் எங்கே என்று கேட்டதில்லை.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டப்படி, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். எங்கள் ஒப்பந்தமோ பதிவு செய்யாதது. அதனால் விக்கிரமசிங்கபுரம் வங்கிக்குப் போய், அந்த 30,000 என் கணக்கிலிருந்து அவர் கணக்குக்குப் போன பக்கத்தை முத்திரையோடு வாங்கினேன். சுவர்களின் படங்களையும் சேர்த்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். பணம் வராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுப்பேன் என்றும் எழுதியிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் அவர் மனைவி கூப்பிட்டார். 28,000 கொடுத்தார். அடுப்படிக் கதவு உடைந்தது என்னால்தான், அதற்கு 2,000 நியாயம். வீட்டுக்காரர் திண்ணையில் பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை.

ரசீதில் பணம் பெற்றவராகக் கணவர் பெயரை எழுதி வைத்திருந்தார். அடித்துவிட்டு, என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.