குடிலுக்கு ஒரு போர்வை

டிசம்பர் பிறந்ததும் பனமரத்துப்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணை பெத்லகேம் ஆகிவிடும். ஏரிக் களிமண்ணால் மலை அமைப்பது பெற்றோராகிய எங்கள் பணி; கொட்டாங்குச்சிகளில் கேழ்வரகு விதைத்துப் பசும்புல் வளர்ப்பது பிள்ளைகளின் பணி.

ஓர் ஆண்டு அப்பசுமை முழுவதையும் பக்கத்து வீட்டு வெள்ளாடு மேய்ந்து தீர்த்தது. “குடிலுக்கு உயிருள்ள ஆடே வந்துவிட்டது!” என்று மகன் கைகொட்டினான். நாங்களோ கம்பை எடுத்தோம். 1223-ஆம் ஆண்டு கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தியே குடில் அமைத்தார் என்பது, ஆட்டை விரட்டிய பின்புதான் நினைவுக்கு வந்தது!

நள்ளிரவுத் திருப்பலி முடிந்த பிறகே பாலன் இயேசுவைக் குடிலில் வைப்பது எங்கள் வழக்கம். மறு ஆண்டு, கோவிலிலிருந்து திரும்பிப் பெட்டியைத் திறந்தால் சுரூபத்தைக் காணோம்! பரணையும் வைக்கோலையும் கிளறினோம். அந்தப் புனித இரவில் ஒருவரையொருவர் கடிந்தும் கொண்டோம். இறுதியில், பாட்டியருகே உறங்கிய நான்கு வயது மகளின் போர்வைக்குள் பாலன் அகப்பட்டார்.

“பாப்பாவுக்குச் சட்டையே இல்லையேம்மா, குளிராதா?” என்றாள், அரைத்தூக்கத்தில்.

எங்களிடம் மறுமொழி இல்லை. மார்கழிக் குளிரில் இத்தனை ஆண்டுகள் குடில் கட்டியும், அந்தக் குளிர் எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

பிள்ளைகள் இன்று தொலைவில் வாழ்கின்றனர். கிறிஸ்து பிறப்பு இரவில் தொலைபேசியில் மகள் முதலில் கேட்பது, “போர்த்திவிட்டீர்களா?” என்பதே. கைக்குட்டையொன்றை மடித்துப் போர்த்திய பிறகே விடை சொல்கிறோம்.